சாவடி போச்சு, வசூல் போகலை: டோல்கேட் பக்கம் வீடு கட்டுறவங்களுக்கும் நம்ம தோழர்களுக்கும்

டோல்கேட்டுல ஒரு தெருவுல ஒரு லோடு எம்-சாண்ட் கொட்டினா போதும். மறுநாள் காலையில யாராவது ஒருத்தர் பைக்கை ஓரங்கட்டிட்டு, “என்னண்ணே, மாடி எடுக்குறீங்களா?”ன்னு சாதாரணமா விசாரிப்பார். அது நலம் விசாரிப்பு இல்லைன்னு கேக்குறவருக்கும் தெரியும், பதில் சொல்றவருக்கும் தெரியும். சதுர அடிக்கு இவ்வளவு, தளத்துக்கு இவ்வளவுன்னு பேச்சு போகும். காசு கைமாறினா கட்டலாம். இல்லன்னா ரெண்டு நாள்ல ‘புகார் வந்திருக்கு’ன்னு ஒருத்தர் வந்து நிப்பார்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில ஒரு காலத்துல சுங்கச்சாவடி இருந்ததால இந்த இடத்துக்கு இந்தப் பேரு. சாவடி போய் எத்தனையோ வருஷம் ஆச்சு. 2021 பிப்ரவரியில மேல மெட்ரோ ஓட ஆரம்பிச்சு, டோல்கேட்டுன்னே ஒரு ஸ்டேஷனும் வந்தாச்சு. கீழ தெருவுல வசூல் மட்டும் நிக்கலை.

இந்த வசூலைப் பத்தி நம்ம பக்கத்துல எழுதக் கூடாது, எதிர்க்கட்சிக்காரன் எடுத்துப் போட்டு கேலி பண்ணுவான்னு சில தோழர்கள் சொன்னாங்க. பண்ணட்டும். எந்தக் கட்சிக்காரன் கை நீட்டினாலும் அது கை நீட்டுறதுதான், நம்ம கரை வேட்டி கட்டினவனா இருந்தாலும் அப்படித்தான். ஆனா திட்டிட்டு மட்டும் போறதுக்காக இதை எழுதலை. இந்த வசூல் எதுல உயிர் வாழுதுன்னு யோசிச்சுப் பாருங்க. அனுமதி வாங்குறதுன்னா என்ன, யார்கிட்ட போகணும், எதுக்கு வேணும், எதுக்கு வேணாம்னு நம்ம ஜனங்களுக்கு யாரும் சொல்லித் தரலை. அந்தத் தெரியாமைதான் அவங்களோட மூலதனம்.

முதல்ல ஒரு பெரிய தப்பான நம்பிக்கையைப் பேசிடுவோம். “எனக்கு வீட்டு வரி ரசீது இருக்கு, ஈபி கனெக்‌ஷன் இருக்கு, பத்திரம் இருக்கு. அப்புறம் என்ன அனுமதி?” நம்ம கட்சி ஆபீசுக்கு நோட்டீசைக் கையில பிடிச்சுக்கிட்டு வர்றவங்கள்ல பாதிப் பேர் சொல்ற வார்த்தை இதுதான். வரி ரசீது, நீங்க வரி கட்டினதுக்கு மட்டும்தான் சாட்சி. அனுமதி இல்லாத கட்டடத்துக்கும் மாநகராட்சி வரி போடும், அதனால அது அனுமதி பெற்ற கட்டடம் ஆகிடாது. பத்திரம், மனை யாருடையதுன்னு சொல்லும். அதுமேல என்ன கட்டலாம்னு சொல்லாது. மனைக்கு ஒரு காகிதம், கட்டடத்துக்கு இன்னொரு காகிதம். இந்த ரெண்டாவது காகிதத்தைத்தான் நம்ம ஏரியாவுல முக்கால்வாசி வீட்டுல தேடினாலும் கிடைக்காது.

ஏன் கிடைக்காது? நம்ம ஜனங்க எல்லாம் சட்டத்தை மீறுற ஆளுங்கன்னு யாராவது சொன்னா, அவங்களுக்கு வடசென்னை தெரியாதுன்னு அர்த்தம். துறைமுகத்துல மூட்டை தூக்க வந்தவங்க, கம்பெனி வேலைக்கு வந்தவங்க, கடலை நம்பி தலைமுறை தலைமுறையா இருக்கறவங்க. குடிசை ஓடாச்சு, ஓடு தளமாச்சு, பொண்ணு கல்யாணத்துக்கு அப்புறம் தளத்து மேல ஒரு ரூம் வந்துச்சு. இருபது முப்பது வருஷத்துல சீட்டுப் பணம் போட்டு, நகை அடகு வெச்சு, துண்டு துண்டா வளர்ந்த வீடுங்க இதெல்லாம். ஒரே நாள்ல பிளான் போட்டு எழுப்பினது கிடையாது. விதிப் புத்தகம் ஒரே மூச்சுல கட்டுற வீட்டை மனசுல வெச்சு எழுதப்பட்டது. நம்ம வீடு அப்படிப் பிறக்கலை.

இன்னொரு சிக்கல், எல்லைச் சிக்கல். 2011 வரைக்கும் திருவொற்றியூர் தனி நகராட்சி. அந்த வருஷம்தான் சென்னை மாநகராட்சி 155 வார்டுல இருந்து 200 வார்டா விரிஞ்சு, திருவொற்றியூர் உள்ள வந்தது. டோல்கேட்டுல தெற்கு வடக்கா நாலு தெரு நடந்தா தண்டையார்பேட்டை மண்டலம் முடிஞ்சு திருவொற்றியூர் மண்டலம் வந்துடும். பழைய பிளான் நகராட்சி முத்திரையோட இருக்கும், கேட்கப் போற இடம் மாநகராட்சி மண்டல அலுவலகம். ‘இது எங்க லிமிட் இல்லைங்க’ன்னு ஒரு நாள் முழுக்க அலைய விட்டா, தினக்கூலிக்காரன் மறுநாள் போவானா? பக்கத்துல நிக்கிற புரோக்கர்கிட்ட காகிதத்தைக் கொடுத்துட்டு வேலைக்குப் போயிடுவான். கட்டுறதுக்கு முன்னாடி நம்ம தெரு எந்த மண்டலம், எந்த வார்டுன்னு வரி ரசீதுலயே பார்த்துக்குங்க. ஒரு நாள் அலைச்சல் மிச்சம்.

சரி, அனுமதி விஷயத்துக்கு வருவோம். இப்ப நடைமுறையில இருக்கறது 2019-ல வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். இதுல ரெண்டு வார்த்தை குழப்பும்: திட்ட அனுமதி, கட்டட அனுமதி. இந்த இடத்துல இந்த அளவுல, இந்தப் பயன்பாட்டுக்குக் கட்டலாமான்னு பார்க்கறது திட்ட அனுமதி. கட்டடம் எப்படிக் கட்டப்படுதுன்னு பார்த்து உள்ளாட்சி தர்றது கட்டட அனுமதி. சென்னைப் பெருநகர்ல திட்ட அனுமதிக்கு மூல அதிகாரம் சி.எம்.டி.ஏ.வுக்குத்தான். ஆனா சின்னக் கட்டடங்களுக்கு அந்த அதிகாரத்தை உள்ளாட்சிகிட்டயே கொடுத்திருக்காங்க. நம்ம ஏரியா அளவு வீட்டுக்கு எழும்பூர் வரைக்கும் போய் நிக்க வேண்டிய அவசியமே இல்லை. ‘சி.எம்.டி.ஏ. அப்ரூவல் நான் வாங்கித் தர்றேன், தனியா செலவாகும்’னு யாராவது சொன்னா உஷாராயிடுங்க.

2024 ஜூலை 22-ல சுயசான்று முறை வந்துச்சு. 2,500 சதுர அடிக்குள்ள மனை, அதுல 3,500 சதுர அடிக்குள்ள வீடு, தரைத்தளம் இல்லன்னா தரைத்தளத்தோட ஒரு மாடி. இந்த அளவுக்குள்ள வர்றவங்க ஒற்றைச் சாளர இணையதளத்துல விவரத்தையும் வரைபடத்தையும் ஏத்தி, கட்டணம் கட்டினா அனுமதி உடனே வரும், கியூஆர் கோடோட. அதுக்காக அதிகாரி வந்து இடத்தைப் பார்த்து கையெழுத்துப் போட வேண்டிய அவசியம் இல்லை. முடிப்புச் சான்றும் தேவையில்லைன்னு விலக்கு கொடுத்திருக்காங்க. டோல்கேட், காலடிப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் புதுசா கட்டப்போற வீடுங்கள்ல பெரும்பாலானது அரை கிரவுண்டு, கால் கிரவுண்டுதான். அத்தனையும் இந்த அளவுக்குள்ள அடங்கும்.

இதுல நல்லதும் இருக்கு, கண்ணி ஒண்ணும் இருக்கு. ‘சுய’ சான்றுன்னா பொறுப்பு நம்மளுது. மனை நம்மளுது, விதிப்படி இடம் விட்டுக் கட்டுவேன், பொது இடத்துல ஒரு அங்குலம்கூட எடுக்கலைன்னு நாமளே உறுதி சொல்றோம். பொய்யுன்னு தெரிஞ்சா அனுமதி போயிடும், கட்டினதும் ஆபத்துல மாட்டும். புரோக்கர் லேப்டாப்புல அவசரமா ஏத்திக் கொடுக்கற வரைபடத்துல உங்க வீட்டு அளவு சரியா இருக்கான்னு நீங்கதான் பார்க்கணும். அவன் கமிஷனை வாங்கிட்டுப் போயிடுவான், கையெழுத்து உங்களுது. அப்புறம், இது கட்டப்போற வீட்டுக்கு. ஏற்கெனவே கட்டி முடிச்சதை ‘ஆன்லைன்ல போட்டு நேராக்கிடலாம்’னு சொல்றது சுத்தப் பொய்.

கட்டணம் கூடுதல்னு ஒரு குமுறல் இருக்கு, அது நியாயமான குமுறல்தான். உள்ளாட்சிக்கு உள்ளாட்சி சதுர அடிக் கணக்குல மாறுது, சென்னையில கட்டுற ஏழை வீட்டுக்கு அது கனமான தொகை. அளவு குறைஞ்ச வீட்டுக்குக் கட்டணத்துல பெரிய சலுகை வேணும்கிறது நம்ம கோரிக்கை. அதே நேரம் ஒரு கணக்கையும் போட்டுப் பாருங்க. பைக்கை நிறுத்தி விசாரிச்சவருக்கும், அவரைத் தொடர்ந்து வர்றவங்களுக்கும் கொடுக்கறதைக் கூட்டினா எவ்வளவு வருது? அதுக்கு ரசீதும் கிடையாது, மறுபடி வர மாட்டாங்கன்னு உத்தரவாதமும் கிடையாது. அரசாங்கத்துக்குக் கட்டுறதுல, கட்டுமானச் செலவு மதிப்புல 1 சதவீதம் கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்குன்னு போகுது. நம்ம வீட்டுக்கு மண்ணு சுமக்கற சித்தாளோட பிள்ளைக்குப் படிப்பு உதவித்தொகையா வர்ற காசு அது.

எல்லாத்துக்கும் அனுமதி வேணுமான்னா, வேணாம். பூச்சு, பெயின்ட், தரைக்கு டைல்ஸ், கதவு ஜன்னல் மாத்துறது, ஒழுகுற தளத்துக்கு ஓடு பதிக்கறது மாதிரியான பராமரிப்பு வேலைக்கு அனுமதி கேட்டு யாரும் அலைய வேண்டியதில்லை. வீட்டோட உள்பக்கத்தை மட்டும் பாதிக்கற, வெளித்தோற்றத்தைப் பெருசா மாத்தாத வேலையை 1971-ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டமே ‘வளர்ச்சி’ங்கற வரையறையில சேர்க்கலை. பூச்சு வேலைக்கு சாரம் கட்டினதுக்கே காசு கேட்டு வந்தவங்க கதை நம்ம காதுக்கு வந்திருக்கு. இந்த ஒரு வரி தெரிஞ்சிருந்தா அந்த அம்மா காசு கொடுத்திருக்க மாட்டாங்க. மாடி எழுப்பறது, தூணையோ உத்தரத்தையோ கைவைக்கறது, வீட்டுல கடை போடுறது, பால்கனியைத் தெருவுக்கு மேல நீட்டுறது, இதுக்கெல்லாம் கண்டிப்பா அனுமதி வேணும்.

இங்க கொஞ்சம் நின்னு பேசணும். ஏன்னா அனுமதிங்கறதை நாம எல்லாருமே ஒரு காகிதத் தொல்லையாத்தான் பார்க்கறோம்.

2021 டிசம்பர் 27 ஞாபகம் இருக்கா? திருவொற்றியூர் அரிவாக்குளம். குடிசை மாற்று வாரியம் 1990-கள்ல கட்டிக் கொடுத்த குடியிருப்பு. காலையில சுவத்துல விரிசல் பெருசாகுதுன்னு ஜனங்க ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டு வெளியே ஓடி வந்தாங்க. கொஞ்ச நேரத்துல 24 வீடு இருந்த பிளாக் அப்படியே மண்ணா உட்கார்ந்துச்சு. ஒரு உயிர்கூடப் போகலை. அது அதிகாரிகளோட முன்னெச்சரிக்கையால நடந்தது இல்லை, அக்கம் பக்கத்து ஜனங்களோட கண்ணும் காலும் வேகமா வேலை செஞ்சதால. போட்டிருந்த துணியோட நின்ன அந்தக் குடும்பங்களை நம்ம தோழர்கள் பலர் நேர்ல பார்த்திருக்கீங்க. அரசாங்கமே கட்டின கட்டடம் முப்பது வருஷம் தாங்கலை. நம்ம ஏரியா காத்துல உப்பு. சிமென்ட்டுக்குள்ள இருக்கற கம்பியை அது வெளியே தெரியாம அரிக்கும். கீழ கடல் மணல், கையளவு தோண்டினா தண்ணி. இந்த மண்ணுல, ஒரு தளத்துக்குன்னு போட்ட அஸ்திவாரத்து மேல ரெண்டாவது, மூணாவதுன்னு ஏத்திக்கிட்டே போறோம். மேஸ்திரி ‘தாங்கும்ணே’ன்னு சொல்றார். அவர் வார்த்தையில நாம நம்ம பிள்ளைங்களைத் தூங்க வைக்கறோம்.

அனுமதி முத்திரை இருந்தா மட்டும் கட்டடம் நிக்கும்னும் நான் சொல்லலை. 2014 ஜூன் 28-ல மௌலிவாக்கத்துல சரிஞ்ச 11 மாடிக் கட்டடத்துக்கு அனுமதி இருந்துச்சு. 61 பேர் செத்தாங்க, அதுல பெரும்பாலானவங்க வேலைக்கு வந்த கூலித் தொழிலாளிங்க. முத்திரை இருந்தது, மண்ணைப் பார்த்த கண்ணு இல்லை. அதனால மாடி எடுக்கறதுக்கு முன்னாடி பதிவு பெற்ற ஒரு பொறியாளரைக் கூட்டி வந்து அஸ்திவாரத்தையும் தூணையும் காட்டுங்க. அவருக்குக் கொடுக்கற காசு வசூல்காரனுக்குக் கொடுக்கறதை விடக் குறைவாத்தான் இருக்கும்.

கடலோரத் தெருக்களுக்குத் தனியாச் சொல்லணும். காசிமேடு தொடங்கி எண்ணூர் வரைக்கும், உயர் அலைக்கோட்டுல இருந்து 500 மீட்டர் கடலோர ஒழுங்குமுறை மண்டலம். 1991 அறிவிக்கை, 2011 அறிவிக்கை, 2019 அறிவிக்கைன்னு மாறி மாறி வந்தாலும், வளர்ந்த நகர்ப்பகுதிக்கு அடிப்படை விதி ஒண்ணுதான்: ஏற்கெனவே இருக்கற சாலைக்கோ, அனுமதி பெற்ற கட்டட வரிசைக்கோ நிலப்பக்கம் கட்டலாம், கடல்பக்கம் புதுசா கட்ட முடியாது. எண்ணூர் விரைவுச் சாலைக்கு மேற்கே இருக்கற வீட்டுக்கு ஒரு நியாயம், கிழக்கே இருக்கற மீனவர் வீட்டுக்கு வேற நியாயம்னு இதைத்தான் நம்ம ஜனங்க அனுபவிக்கறாங்க. கடல் வந்து கரையைத் தின்னுது, வீடு இடியுது, அதைக் கட்டப் போனா விதி கையைப் பிடிக்குது. மீனவ கிராமங்களோட நீண்டகால வீட்டுத் தேவையைக் கணக்குல எடுத்துத் திட்டம் போடணும்னு 2011 அறிவிக்கையிலயே சொல்லியிருக்கு. அந்தத் திட்டத்தைக் குப்பம் குப்பமா வரைஞ்சு ஜனங்ககிட்ட காட்டுங்கன்னு கேட்கறதுதான் இங்க நம்ம அரசியல் வேலை. மெட்ரோ பாதையை ஒட்டி அஸ்திவாரம் தோண்டறவங்க மெட்ரோ நிறுவனத்தோட தடையில்லாச் சான்றையும் கேட்டு வெச்சுக்கணும்.

மனைக் காகிதமே இல்லாதவங்க என்ன பண்றது? இதுதான் ரொம்ப வலிக்கற கேள்வி. புறம்போக்குல மூணு தலைமுறையா இருக்கறவங்க, கோயில் மனையில பகுதிப் பணம் கட்டுறவங்க, வாரிய ஒதுக்கீடு வாங்கி விற்பனைப் பத்திரம் வராதவங்க. இவங்களுக்கு எந்த ஆன்லைனும் கதவைத் திறக்காது, ஏன்னா முதல் கட்டத்துலயே பட்டாவைக் கேட்கும். 1962-ல போட்ட ‘பெல்ட் ஏரியா’ தடையால சென்னையைச் சுத்தி ஆட்சேபனை இல்லாத புறம்போக்குல இருந்தவங்களுக்குக்கூடப் பட்டா மறுக்கப்பட்டுச்சு. 2025 பிப்ரவரி 10-ல மாநில அமைச்சரவை, சென்னையும் சுத்தி இருக்கற மாவட்டங்களும் சேர்ந்து 29 ஆயிரத்துச் சொச்சம் பேர், மாநிலம் முழுக்க மொத்தம் 86 ஆயிரம் பேருக்குப் பட்டா கொடுக்க முடிவெடுத்துச்சு. நம்ம வார்டுல அந்தப் பட்டியல்ல யார் பேர் இருக்கு, யார் பேர் விட்டுப்போச்சுன்னு பார்க்கற வேலையைக் கிளைத் தோழர்கள் கையில எடுங்க. பேனர் கட்டுறதை விட இது பெரிய வேலை.

ஏற்கெனவே கட்டிட்டவங்க கேட்பாங்க, ‘எங்களை வரைமுறைப்படுத்த மாட்டாங்களா?’ன்னு. வரைமுறைக் கதை நீளமானது. முதல்ல 113-ஏ பிரிவுல 1999 பிப்ரவரி 28 வரைக்கும் கட்டினதுக்குன்னு வந்துச்சு. அப்புறம் அந்தத் தேதியைத் தள்ளிக்கிட்டே போனாங்க. 2006 ஆகஸ்ட்ல சென்னை உயர்நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை ரத்து பண்ணிடுச்சு. பிறகு 113-சி பிரிவு, 2007 ஜூலை 1-க்கு முன்னாடி கட்டினதுக்கு. அதுக்கு அப்புறம் கட்டின வீட்டுக்கு ‘வரைமுறை வரும், இப்ப கட்டிடு’ன்னு ஒருத்தர் சொன்னா, அவர் உங்க பணத்துல சூதாடறார்னு வெச்சுக்குங்க. இந்த நம்பிக்கையாலதான் தி.நகர்ல பெரிய முதலாளிங்க அடுக்கடுக்கா ஏத்தினாங்க. அவங்களுக்கு வக்கீல் இருக்கான். நமக்கு?

நோட்டீஸ் வந்துட்டா பயந்து யார் கால்லயும் விழாதீங்க, காகிதத்தை மறைச்சும் வைக்காதீங்க. 2024 நவம்பர் 13-ல உச்ச நீதிமன்றம் புல்டோசர் வழக்குல தெளிவாச் சொல்லியிருக்கு: 15 நாள் அவகாசத்தோட எழுத்துபூர்வமா நோட்டீஸ் தராம, நம்ம தரப்பைக் கேட்காம வீட்டை இடிக்கக் கூடாது. இடிக்க உத்தரவு போட்டாலும் நீதிமன்றம் போறதுக்கு இன்னொரு 15 நாள் விடணும். சாலை, நடைபாதை, ரயில் பாதை ஓரம், நீர்நிலைன்னு ஆக்கிரமிச்ச கட்டடத்துக்கும், நீதிமன்றமே இடிக்கச் சொன்னதுக்கும் மட்டும் இது பொருந்தாது. அந்த அவகாசம் ஓடிப்போறதுக்குள்ள பதில் கொடுக்கணும், விதிக்குள்ள வர்ற பகுதியைக் காப்பாத்தப் பார்க்கணும், தேவைப்பட்டா அரசுக்கு மேல்முறையீடு பண்ணணும். நிறையப் பேர் முதல் பத்து நாளை ‘நம்மாளு பேசி முடிச்சிடுவார்’னு உட்கார்ந்தே தொலைச்சிடறாங்க. அதுக்கு அடுத்த மாசம், டிசம்பர் 17-ல அதே உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்புல, அனுமதி பெற்ற வரைபடத்தைக் கட்டுற இடத்துலயே மாட்டணும், வங்கிகள் கட்டடச் சான்றைச் சரிபார்த்துக் கடன் கொடுக்கணும்னு சொல்லிடுச்சு. வீட்டை வெச்சுப் பிள்ளையைப் படிக்க வைக்க நினைக்கறவங்க இதைக் கவனியுங்க. நாளைக்கு அடமானத்துக்குப் போனா வங்கி மேனேஜர் வரி ரசீதைப் பார்த்து மயங்க மாட்டார்.

இனி நம்ம தோழர்களுக்கு மட்டும் ரெண்டு வார்த்தை. தெருவுல மணல் கொட்டினா நீங்களும் போங்க. போய், ‘அனுமதி போட்டாச்சா, பட்டா பேர் மாறியிருக்கா, வரைபடம் யார் போட்டது?’ன்னு கேளுங்க. தெரியலைன்னா உட்கார்ந்து சொல்லிக் கொடுங்க. யாராவது காசு கேட்டா 1913-ல மாநகராட்சிக்கும், லஞ்ச ஒழிப்புத் துறைக்கும் புகார் கொடுக்க அந்தக் குடும்பத்துக்குத் துணை நில்லுங்க. புகார் கொடுத்த பிறகு அவங்க வீட்டு வாசல்ல தொல்லை வராமப் பார்த்துக்கறதும் நம்ம பொறுப்பு. நம்ம கட்சிப் பேரைச் சொல்லிக் காசு கேட்டவன் இருந்தா, பேரோட எழுதிக் கொடுங்க. ‘சின்னப் பையன், விட்டுடுங்க’ன்னு சமாதானம் பேச வராதீங்க.

வர்ற ஞாயித்துக்கிழமை காலை 10 மணியில இருந்து டோல்கேட் கிளை அலுவலகத்துல ரெண்டு பொறியாளர் தோழர்களும் ஒரு வழக்கறிஞர் தோழரும் இருப்பாங்க. கட்டப்போறவங்க, கட்டிக்கிட்டு இருக்கறவங்க, நோட்டீஸ் வந்தவங்க யார் வேணா வரலாம், எந்தக் கட்சியா இருந்தாலும் சரி. பத்திரம், பட்டா, வரி ரசீது, பழைய பிளான் இருந்தா அது, நோட்டீஸ் வந்த கவரோட நோட்டீஸ், எல்லாத்துக்கும் நகல் எடுத்துட்டு வாங்க. அசலை வீட்டுலயே வெச்சிட்டு வாங்க, அதை யார் கேட்டாலும் கொடுக்காதீங்க, நாங்க கேட்டாலும்.